மூன்றாவது சிலிண்டர்

மஹரகமையில்தான் முதலில் கேட்டது. அவிசாவளையிலிருந்து ஹைலெவல் வீதியால் வந்துகொண்டிருந்தேன், மத்தியானம் இரண்டு மணி வெயில், என்ஜின் நன்றாகச் சூடேறியிருந்தது. முன்னால் போன பஸ் தரிப்பிடத்தில் நிற்க, அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். இடப்பக்கம் நீளமான மதில். அதில் பட்டுத் திரும்பிய சத்தத்துக்குள் புதிதாக ஒன்று இருந்தது. டொக் டொக் டொக். மரக்கதவில் யாரோ விரல் முட்டியால் தட்டுவதுபோல, பெரிய சத்தமில்லை, ஆனால் கனம் இருந்தது. மதில் முடிந்ததும் கேட்கவில்லை. அடுத்த மதில் வந்ததும் மறுபடி கேட்டது. பக்கத்தில் இருந்த மகளைக் கொஞ்சம் பேசாமல் இருக்கச் சொன்னேன். அவளும் காதைக் கொடுத்துவிட்டு, "அப்பா, இது காலையில இருக்கேல்ல" என்றாள்.

அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. நுகேகொடை, கிருலப்பனை, பாமன்கடை என்று மெதுவாக உருட்டிக்கொண்டு கொழும்பு வெள்ளவத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டேன். அப்படிச் செய்தது பிழை. உள்ளே பெயாரிங் போயிருக்கிற என்ஜினில் கொன்ரொட் (பிஸ்டனைக் கிராங்க் என்கிற சுழல்தண்டோடு இணைக்கிற தண்டு) முறிந்தால் புளொக்கின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டுதான் வெளியே வரும், அதற்குப் பிறகு திருத்துவதற்கு ஒன்றுமே மிஞ்சாது. இழுத்துவர ஆள் கூப்பிடுகிற செலவு அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த என்ஜினை நான் என் கையால் கட்டியிருந்தேன்.

கார் ஒரு மொரிஸ் மைனர் 1000. அப்பா வாங்கியது, நான் பள்ளிக்கூடம் போனதும் அதில்தான். உள்ளே இருப்பது 1098 சீசீ ஏ-சீரிஸ் என்ஜின். 1951இல் ஒஸ்டின் ஏ30 காருக்காக 803 சீசீயில் வந்த இந்த என்ஜின் குடும்பம், 948, 998, 1098, 1275 என்று வளர்ந்து, 2000ஆம் ஆண்டு பழைய மினி நிறுத்தப்படும்வரை தயாரிப்பில் இருந்தது. மைனருக்கு 1098 கொடுத்தது 1962இல். நல்ல இழுவை உள்ள என்ஜின், மலைநாட்டு ஹட்டன் ஏற்றத்திலும் முனகாது. ஆனால் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம், 83.72 மில்லிமீற்றர், அந்த நீளமான கிராங்கைத் தாங்குவது மூன்றே மெயின் பெயாரிங். அதனால் இந்த என்ஜின் உள்வேலையில் கவனக்குறைவைப் பொறுக்காது. இப்போது அனுபவத்தில் சொல்கிறேன்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து இங்கே பழைய கார்களின் விலை போன போக்கு எல்லோருக்கும் தெரியும். இருக்கிறதைக் காப்பாற்றுவதுதான் புத்தி என்று பட்டது. அடுத்த வருடம் கிராங்கை இருபது சைஸுக்கு (அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு குறைத்து) அரைத்து, புளொக்கின் சிலிண்டர்களை அதே அளவு பெரிதாக்கி, அதாவது இருபது ஓவர்சைஸுக்கு போர் பண்ணி, புது பிஸ்டன்களோடு லேத் பட்டறையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த கையோடு, ஓகஸ்ட் 20ஆம் திகதி தனிமைப்படுத்தல் ஊரடங்கு வந்துவிட்டது. ஒக்டோபர் 1 வரை. ஆறு கிழமை. போர்ட்டிக்கோவில் ஒரு பழைய மேசை, மழைக்கு ஒரு தறப்பாள், அதற்குக் கீழே நான் தனியாக என்ஜினைக் கட்டினேன். ஊரடங்கு எடுத்த அடுத்த கிழமை ஸ்டார்ட் பண்ணியபோது அரைச் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அந்தச் சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. 2022இல் பெற்றோல் இல்லாமல் மாதக்கணக்கில் நின்றது, பிறகு கியூஆர் அட்டையில் கிழமைக்கு 20 லீற்றர் என்று வந்தபோது கொஞ்சம் ஓடியது. மொத்தமாக ஒன்பதாயிரம் கிலோமீற்றர் அளவில் ஓடியிருக்கும். ஒழுங்காகக் கட்டிய என்ஜினுக்கு அது வெறும் பழகுகிற தூரம்.

சரி, சத்தத்துக்கு வருவோம்.

என்ஜினில் தட்டுகிற சத்தம் என்று வந்தால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று தீர்ப்புகள் கிடைத்தன: டப்பட் (வால்வைத் திறக்கிற பாகம்) என்றார் ஒருவர், டைமிங் (பிளக்கில் பொறி விழுகிற நேரம்) என்றார் ஒருவர், 92 பெற்றோல் ஒத்துக்கொள்ளவில்லை, 95 அடித்துப் பார் என்றார் இன்னொருவர். மூன்றும் முட்டாள்தனமான பேச்சு இல்லை, மூன்றையும் பார்த்துத்தான் ஆகவேண்டும். ஏனென்றால் அவை மலிவானவை, வெளியிலிருந்தே பார்க்கலாம். முதலில் மலிவானதைக் கழித்துக்கொண்டு வந்தால்தான் கடைசியில் என்ஜினை இறக்கும்போது மனதில் சந்தேகம் இருக்காது.

பெற்றோலும் டைமிங்கும் சேர்ந்தது. இக்னிஷன் முன்கூட்டியே நடந்தாலோ ஒக்டேன் போதாவிட்டாலோ, ஏற்றத்தில் அக்ஸிலரேட்டரை அழுத்தும்போது தகரப் பேணிக்குள் கூழாங்கல்லைக் குலுக்கினதுபோல ஒரு கிலுகிலுப்பு வரும். என்னுடையது நேர் எதிர். பாரம் ஏறும்போது குறைந்து, காலை எடுக்கும்போது தெரிந்தது. அப்படியும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி மூன்று டிகிரி பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன். மாற்றமில்லை. டப்பட் சத்தம் மேலிருந்து வரும், கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் அதன் தாளமும் பாதிதான், தையல் மெஷின்போல. எட்டு டப்பட்டையும் குளிர்ந்த என்ஜினில் 0.012 அங்குலத்துக்கு வைத்தேன். என்ஜின் மேல்பக்கம் இன்னும் இனிமையாகிவிட்டது, கீழே டொக் டொக் அப்படியே. பிஸ்டன் ஸ்லாப் (பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டுவது) என்றால் குளிரில் கூடவும் சூட்டில் குறையவும் வேண்டும். இது குளிரில் கிட்டத்தட்ட இல்லை, ஒயில் சூடாகி இளகினதும்தான் வந்தது. இந்த ஒரு விஷயமே பாதி விடை. சூடானபோது வருகிற சத்தம், ஒயில் படலம் தாங்கவேண்டிய ஏதோ ஓர் இடத்தில் இடைவெளி கூடிவிட்டது என்று சொல்கிறது.

மெயின் பெயாரிங்கா பிக் எண்டா (கொன்ரொட்டின் கீழ்முனை கிராங்கைப் பிடிக்கிற பெயாரிங்) என்பதுதான் மிச்சம். மெயின் போனால் சத்தம் ஆழமாக, வயிற்றில் கேட்பதுபோல இருக்கும், பாரத்தில் இழுக்கும்போது கூடும். பிக் எண்ட் அதைவிடக் கூர்மை, பாரம் விடுபடும்போது, அதாவது அரைகுறை அக்ஸிலரேட்டரில் தெளிவாகக் கேட்கும். நீளமான ஸ்க்ரூட்ரைவரின் நுனியைப் புளொக்கில் வைத்துப் பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு முன்னிருந்து பின்னாக நகர்த்திப் பார்த்தேன். நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் அதிகம் என்று பட்டது. பட்டது, அவ்வளவுதான். காது ஆசைப்பட்டதையும் கேட்கும்.

அதனால் மகள் ஒரு வேலை செய்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது, போனில் சத்தம் பதிவுசெய்வதில் என்னைவிடக் கெட்டிக்காரி. அவள் போனை சம்ப் (கீழே உள்ள ஒயில் தொட்டி) பக்கமாக ஒரே இடத்தில் வைத்துப் பிடிக்க, நான் என்ஜினை நிமிடத்துக்கு 1500 சுற்று வேகத்தில் நிறுத்திவைத்து, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கழற்றிய வயரைப் பாடியில் எர்த் பண்ணினேன் (வெறுங்கையால் இதைச் செய்யவேண்டாம், நல்ல இன்சுலேஷன் உள்ள பிளையர் வேண்டும், சும்மா தொங்கவிட்டால் கொயில் போய்விடும்). ஒரு சிலிண்டர் நின்றதும் என்ஜின் வேகம் குறையும், வேகம் குறைந்தாலே சத்தமும் குறைந்ததுபோல இருக்கும், அதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஆகவே ஒவ்வொரு முறையும் அக்ஸிலரேட்டரைக் கூட்டி அதே 1500க்குக் கொண்டுவந்த பிறகுதான் பதிவு. ஒன்றைக் கழற்றினோம், டொக் டொக். இரண்டு, டொக் டொக். மூன்றைக் கழற்றியதும் ஒரு பெரிய அமைதி. திரும்பப் போட்டதும் சத்தம் வந்துவிட்டது. நான்கைக் கழற்றினால் இருந்தபடியே இருந்தது. "மூண்டைக் கழட்டினா மட்டும்தான் இல்லாமப் போகுதப்பா" என்று நான்கு பதிவுகளையும் வரிசையாகப் போட்டுக் காட்டினாள். சிலிண்டரில் பெற்றோல் வெடிக்காதபோது பிஸ்டன் கொன்ரொட்டைக் கீழே அடிக்கிற அந்த அடி இல்லை, அடி இல்லாவிட்டால் தளர்ந்த பெயாரிங் தட்டுவதும் இல்லை. மூன்றாம் நம்பர் பிக் எண்ட்.

மைனரில் ஒயில் பிரஷர் மீற்றர் கிடையாது, ஒரு எச்சரிக்கை விளக்கு மட்டும்தான். அந்த விளக்கு எரிகிறபோது பெரும்பாலும் காரியம் கைமீறியிருக்கும். இரவல் மீற்றர் ஒன்றைப் பூட்டினேன். குளிரில் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல், எந்தக் குறையுமில்லை. இருபது நிமிடம் ஓடிச் சூடானதும், வேகத்தில் 50க்கு மேல் நிற்கவேண்டியது 30ஐத் தாண்டவில்லை, ஐட்லிங்கில் 8. பிறகு ஒயிலை இறக்கினேன். வெள்ளை பிளாஸ்டிக் பேசினில் ஊற்றி முற்றத்து வெயிலில் வைத்துச் சாய்த்தபோது, கறுப்பு ஒயிலின் ஓரத்தில் மெல்லிய செம்பு நிறப் பொடி வளைவாக ஒதுங்கி மினுங்கியது. காந்தத்தைப் பிடித்தேன், அசையவில்லை. இரும்பில்லை. பெயாரிங் ஷெல் என்பது உருக்கு முதுகு, அதன்மேல் செம்பும் ஈயமும் கலந்த படை, அதற்கும்மேல் ஈயமும் வெள்ளீயமுமாக முடியைவிட மெல்லிய ஒரு பூச்சு. செம்பு வெளியே வந்திருக்கிறது என்றால் மேல்பூச்சு முழுதாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் என்ஜினை ஒரு முறைகூட ஸ்டார்ட் பண்ணவில்லை.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள், நானும் தவறப் பார்த்தேன். கராஜ் ஒன்றில், "சம்பை இறக்கிப் புது ஷெல் போட்டால் சரி, அரைநாள் வேலை" என்றார்கள். அரைநாள்! அடுத்த நாளே ஷெல் வாங்க, கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போனேன். அங்கே பழைய இங்கிலிஷ் கார்ச் சாமான் விற்கிற நானா ஒருவர் இருக்கிறார், முன்பு பிஸ்டன் வாங்கியதும் அவரிடம்தான். கதையைக் கேட்டார். ஷெல் பெட்டியை அலுமாரியிலிருந்து எடுத்தவர் அதை மேசையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு சொன்னார்:

"தம்பி, ஷெல்லு மையத்து. மையத்த மாத்தி வெச்சா ஊடு சரியாகுமா? கொன்னது யாருன்டு பாத்துட்டு வாங்க. அதுக்குப் பொறகு தாறேன்."

மையத்து என்றால் பிணம். விற்கவில்லை. பெட்டி திரும்ப அலுமாரிக்குப் போய்விட்டது. ஒன்பதாயிரம் கிலோமீற்றரில் ஒரு ஷெல் தானாகத் தேயாது, அதை ஏதோ ஒன்று தேய்த்திருக்கிறது, அந்த ஏதோ ஒன்று உள்ளே இருக்கும்வரை புது ஷெல்லும் அதே வழியில்தான் போகும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு வீட்டுக்கு வருகிற வழி முழுதும் தேவைப்பட்டது. பொருள் விற்கிற ஒருவர் பொருளை விற்காமல் அனுப்பினால், அவர் சொல்வதைக் கேட்பதுதான் மரியாதை.

கொட்டாஞ்சேனையிலிருந்து நண்பன் செயின் புளொக்கோடு வந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை தொடங்கிப் பின்னேரம் என்ஜின் வெளியே. சம்பைக் கழற்றிக் கவிழ்த்து வைத்து, மூன்றாம் நம்பர் கொன்ரொட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன். கைக்குத் தெரிந்தது, காதுக்கும் கேட்டது, க்ளிக். மற்ற மூன்றும் அசையவில்லை. கொன்ரொட்டின் கீழ்மூடியான கப்பைத் திறந்தேன்.

ஷெல்லை உள்ளங்கையில் வைத்து வெயிலில் பார்த்தேன். மங்கிய சாம்பல் நிறத்தில் பட்டுப்போல இருக்கவேண்டிய முகம், நடுவில் ஐந்து சதக் குற்றியளவுக்குச் செம்பாகப் பளபளத்தது. அதைச் சுற்றிக் கிராங்க் சுழல்கிற திசையிலேயே மெல்லிய கோடுகள், இசைத்தட்டில் இருக்கிற கோடுகள்போல. நகத்தால் குறுக்கே இழுத்தால் ஒவ்வொன்றிலும் தட்டுப்பட்டது. சில கோடுகளின் முடிவில் மிளகுத்தூள்போல ஒரு கறுப்புப் புள்ளி, ஊசி நுனியால் நெம்பினால் கிளம்பாது, உலோகத்துக்குள் புதைந்திருந்தது.

ஷெல்லை வாசிக்கத் தெரிந்தால் பாதி விடை அதில் இருக்கிறது. ஒயில் கிடைக்காமல் போன ஷெல்லில் கோடு இருக்காது, உருகித் துடைத்துவிட்டதுபோல இருக்கும், நிறமும் சூட்டில் மாறியிருக்கும். கொன்ரொட் வளைந்திருந்தால் ஒரு ஷெல்லில் ஒரு பக்க ஓரமும் மற்றதில் எதிர்ப்பக்க ஓரமும் தேயும். புள்ளியும் கோடுமாக இருந்தால் அழுக்கு, வேறொன்றுமில்லை. மற்ற ஷெல்களையும் கழற்றி வரிசையாகப் பழைய பேப்பரில் வைத்தேன். ஒன்றும் நான்கும் பரவாயில்லை. இரண்டில் கோடுகள் தொடங்கியிருந்தன. மெயினில் நடுப் பெயாரிங்தான் அதிகம் அடிபட்டிருந்தது. இந்தக் கிராங்கில் இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒயில் போவது நடு மெயினிலிருந்துதான். அதாவது கடினமான ஏதோ ஒரு துகள், ஒயிலோடு சேர்ந்து, நடு மெயின் வழியாக உள்ளே போயிருக்கிறது.

ஆனால் ஃபில்டர் இருக்கிறதே? நண்பன் கேட்டது இதைத்தான். நானும் அரை மணித்தியாலம் இதில் முட்டிக்கொண்டு நின்றேன். ஒயிலின் பாதையை ஒரு அட்டையில் கீறிப் பார்த்தோம்: சம்ப், பம்ப், ஃபில்டர், அப்புறம் புளொக்கின் பக்கவாட்டில் நீளமாக ஓடுகிற பிரதான ஒயில் துளை, அங்கிருந்து மூன்று மெயின், மெயினிலிருந்து கிராங்குக்குள் இருக்கிற துளைகள், கடைசியில் பிக் எண்ட். ஃபில்டருக்கு முன்னால் இருக்கிற அழுக்கைத்தான் ஃபில்டர் பிடிக்கும். பின்னால் இருக்கிற துளைக்குள்ளேயே அழுக்கு இருந்தால் அது நேரே பெயாரிங்குக்குத்தான் போகும், தடுக்க யாருமில்லை.

அந்த நீளத் துளையின் முனையைப் பித்தளை அடைப்பு ஒன்றால் அடித்து மூடியிருப்பார்கள். தொழிற்சாலையில் அடித்தது, 2021இல் நான் அதைத் தொடவில்லை. இப்போது அதன் நடுவில் மெல்லிய துளை போட்டு, ஒரு ஸ்க்ரூவை முறுக்கிப் பிளையரால் இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் வந்தது. பின்னால் பற்பசைபோல கட்டியாக ஒரு கறுப்பு. கொஞ்சத்தை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தேன், வழுக்கவில்லை, நறநறத்தது. சும்மா பழைய ஒயில் கசடாகவும் இருக்கலாமே என்று, உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றில் அந்தப் பசையைத் தடவி, இன்னொரு கண்ணாடித் துண்டால் அழுத்தித் தேய்த்துத் துடைத்தேன். இரண்டிலும் கோடு. கரிக் கசடு கண்ணாடியைக் கீறாது. போர் பண்ணின சிலிண்டரை உரசி ஹோன் அடிக்கிற கல்லின் தூள் கீறும்.

அந்தக் கண்ணாடித் துண்டுகளை வைத்துக்கொண்டு போர்ட்டிக்கோப் படியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நடந்தது முழுதும் விளங்கியது. லேத்திலிருந்து வந்த புளொக்கை நான் மண்ணெண்ணெயிலும் பெற்றோலிலும் கழுவினேன், பார்க்கப் பளிச்சென்று இருந்தது. அவை ஒயிலைக் கரைக்கும், கல்தூளை அதே இடத்தில் விட்டுவிட்டு ஆவியாகிப் போய்விடும். துளைகளுக்குள் போகிற நீளப் பிரஷ் ஒன்று வாங்கவேண்டும் என்று அப்போதே எழுதி வைத்திருந்தேன், கடைகள் மூடிக் கிடந்தன, சைக்கிள் பம்பால் காற்றடித்துவிட்டு மேலே போனேன். ஆறு கிழமை கையில் இருந்தது, ஒரு பிரஷ்ஷுக்காக இன்னும் நான்கு கிழமை பொறுத்திருக்கலாம். கண்ணுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அவ்வளவு அக்கறையாகச் செய்து, கண்ணுக்குத் தெரியாத ஓரடி நீளத் துளையில் விட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. மூன்றாம் பிக் எண்ட் மட்டும் ஏன் இவ்வளவு மோசம் என்று, கிராங்கில் அந்தப் பெயாரிங் உட்காருகிற உருளையை, அதாவது ஜர்னலை, மைக்ரோமீற்றரை வைத்து அளந்தேன். ஸ்டாண்டர்ட் அளவு 1.6254 முதல் 1.6259 அங்குலம், இருபது சைஸுக்கு அரைத்தால் 1.6054 முதல் 1.6059 இருக்கவேண்டும். ஒரு பக்கமாக அளந்தால் 1.6053. தொண்ணூறு டிகிரி திருப்பி அளந்தால் 1.6041. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் முட்டை வடிவம், அதுவும் மொத்த இடைவெளியே 0.001 முதல் 0.0025க்குள் இருக்கவேண்டிய இடத்தில். தூள் தேய்த்து வந்ததா, அரைத்து வந்தபோதே கொஞ்சம் இருந்ததா என்று யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது, ஏனென்றால் அன்று நான் அளக்கவில்லை. லேத்தில் எழுதித் தந்த துண்டை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தேன், அவ்வளவுதான்.

இனி என்ன செய்யப் போகிறேன் என்பது.

ஜப்பான் என்ஜின் ஒன்றை வாங்கிப் போட்டுவிடு, ஏசியும் போடலாம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். போடலாம், ஓடும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் என்ஜின் நம்பரை மாற்றிப் பதிவதும் முடியாத காரியமில்லை. ஆனால் எனக்கு இந்த என்ஜின்தான் வேண்டும். மைனருக்கான தகட்டுப் பாகங்களைக் காலி நகரத்தில் ஒரு காலத்தில் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய நாடு இது, அந்த அளவுக்கு இந்தக் காரை இங்கே கைகள் அறிந்திருக்கின்றன. அதைத் தூக்கி எறிய எனக்கு மனமில்லை, அதுவும் காரணம் தெரிந்த பிறகு.

கிராங்க் முப்பது சைஸுக்குப் போகிறது, பிக் எண்ட் நான்கும் 1.5954 முதல் 1.5959க்குள். அதற்குமுன் வெடிப்புச் சோதனை, ஏனென்றால் தட்டிக்கொண்டு ஓடிய கிராங்க், அதுவும் இந்த நீளத்தில், மூன்று மெயினில். வெடிப்பு இருந்தால் அரைக்கிற காசு வீண், வேறு கிராங்க் தேட வேண்டியதுதான். அரைக்கும்போது ஜர்னலின் இரண்டு ஓரத்திலும் அந்தச் சின்ன வளைவை விட்டு அரைக்கவேண்டும், கூர் மூலையாக அரைத்தால் வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். இதை லேத்காரரிடம் வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுக்கிறேன். வாங்கும்போது எல்லா ஜர்னலையும் அங்கேயே, அவர் முன்னாலேயே, இரண்டு திசையில் அளப்பேன். யாருக்கும் அவமரியாதையில்லை, நல்ல லேத்காரர் அதை விரும்புவார்.

மூன்றாம் கொன்ரொட்டின் பெரிய கண் தட்டுப்பட்டு நீண்டிருக்கலாம். ஷெல் இல்லாமல் கப்பைப் பூட்டி, 35 இறாத்தல்-அடிக்கு முறுக்கி, உள் விட்டத்தை மூன்று திசையில் அளந்து, மற்ற மூன்றோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் இருந்தால் அதைத் திருத்துவதைவிட எடை ஒத்த வேறொன்றைத் தேடுவேன். போல்ட்டுகள் எட்டும் புதிது, அவற்றை மடித்துப் பூட்டுகிற தகடுகளும் புதிது. இதில் மிச்சம் பிடிக்கக்கூடாது.

சிலிண்டர்கள் நல்லபடி இருக்கின்றன, தேய்மானம் 0.05 மில்லிமீற்றருக்குள்தான். பிஸ்டனை மாற்றவில்லை, ரிங் மட்டும் புதிது, இடைவெளி 0.007 முதல் 0.012 அங்குலத்துக்குள் அராவி வைக்கவேண்டும். புது ரிங் படிய மெல்லிய ஹோன் ஒன்று அடிக்கத்தான் வேண்டும், அதாவது அதே கல், அதே தூள். ஆகவே கழுவுகிற முறைதான் இந்த முறை வேலையின் பெரிய பகுதி. எல்லா ஒயில் அடைப்புகளையும் கழற்றிவிட்டு, கொதிதண்ணீரும் சவர்க்காரமும், ஒவ்வொரு துளைக்கும் பொருந்துகிற பிரஷ், இரண்டு பக்கமிருந்தும். சவர்க்கார நுரைதான் தூளைத் தூக்கி வெளியே கொண்டுவரும். கழுவி முடித்ததும் நிற்க நேரமில்லை. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலிருந்து கடல் ஐந்து நிமிட நடை, வெறும் வார்ப்பிரும்பை அந்தக் காற்றில் விட்டால் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் துரு ஏறிவிடும். உடனே காற்றடித்து, உடனே ஒயில் பூசி, உடனே பொலித்தீன் சுற்ற வேண்டும். பழைய பித்தளை அடைப்புகளுக்குப் பதிலாக மரை வெட்டி ஸ்க்ரூ அடைப்புகள் போடப்போகிறேன், அடுத்த முறை திறக்கத் துளை போடவேண்டியதில்லை.

ஒயில் பம்ப்பும் அதே தூளைத் தின்றிருக்கும், அதைப் புதிதாகவே வாங்குகிறேன். ஹெட்டில் வேலை அதிகமில்லை. 2002இல் இங்கே ஈயப் பெற்றோல் நின்றதால், முதல் முறையே எக்ஸோஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் போட்டிருந்தேன், அது நன்றாக இருக்கிறது. இரவல் மீற்றரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விளக்கு சுவிட்ச்சோடு ஒரு டீ இணைப்பு போட்டு, சொந்த மீற்றர் ஒன்றை டாஷ்போர்டுக்குக் கீழே நிரந்தரமாகப் பூட்டுவேன்.

முதல் ஸ்டார்ட்டுக்குமுன் பிளக் நான்கையும் கழற்றிவிட்டு, மீற்றரில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றுவது. போன முறை பொறுமையில்லாமல் நேரே ஸ்டார்ட் பண்ணினேன். பிறகு நூறு கிலோமீற்றரில் ஒயிலும் ஃபில்டரும் மாற்றி, கழற்றிய ஃபில்டரை வெட்டி, மடிப்பு மடிப்பாக விரித்து வெயிலில் பார்ப்பது. அதில் மினுக்கம் இல்லாவிட்டால் அடுத்தது 800இல். அதுவரை ஹட்டன் பக்கம் போகிற பேச்சே கிடையாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன், மகளுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

கண்ணாடித் துண்டுகளையும் மூன்றாம் நம்பர் ஷெல்லையும் கொண்டுபோய்ப் பஞ்சிகாவத்தையில் காட்டினேன். நானா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு ஷெல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரலால் தடவினார், "ம்" என்றார். முப்பது சைஸ் செட் இரண்டையும், பிக் எண்டும் மெயினுமாக, எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறார். கிராங்க் வெடிப்பில்லை என்று தெரிந்த பிறகு வந்து வாங்கச் சொன்னார்.

கிராங்க் செவ்வாய்க்கிழமை லேத்துக்குப் போகிறது. புளொக் போர்ட்டிக்கோவில் அதே மேசையில் இருக்கிறது, ஹோன் அடிப்பதற்கு முன்பே ஒரு முறை துளைகளை முழுதாகக் கழுவிவிட வேண்டும் என்று போன சனிக்கிழமை தொடங்கினேன். துடைத்துப் பார்க்க வெள்ளைத் துணி தேவைப்பட்டது, அப்பா தன்னுடைய பழைய வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து தானே கிழித்துத் தந்தார். ஒரு துண்டைக் கம்பியில் சுற்றித் துளைக்குள் விட்டு இழுத்தால், துணி வெள்ளையாக வரவேண்டும். முதல் துண்டு கறுப்பாக வந்தது. நேற்று இரவு ஏழாவது துண்டு, இன்னும் மெல்லிய சாம்பல். நாளைக்குக் காலையில் தண்ணீர் கொதிக்க வைத்து மறுபடி கழுவ வேண்டும், வேட்டி இன்னும் பாதிக்குமேல் இருக்கிறது.